கிழக்கு பார்த்த ஒரு அறை

வாந்தி வரும்போல இருந்தது. தணிகாசலத்துக்காவது, மலைப்பாதையில் வாந்தியாவது. யாரிடமாவது சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். நெடுஞ்சாலைத் துறையில் ஒரு ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டியவர், அதில் பாதிக்கு மேல் மலைச்சாலையிலேயே கழித்தவர், ஜீப்பின் முன் சீட்டில் ஒரு காலை வெளியே போட்டுக்கொண்டு, வெற்றிலையைக் குதப்பியபடி இதே வளைவுகளில் ஏறி இறங்கியவர், கூட வந்த கிளார்க்குகள் திருப்பத்துக்குத் திருப்பம் தலையை வெளியே நீட்டிக் கக்கும்போது, என்னய்யா, பிள்ளைத்தாச்சியா நீ என்று கேட்டு மகிழ்ந்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் எழுபத்தொரு வயசில், மகன் வாடகைக்கு எடுத்து ஓட்டும் கேரவனில், பின்பக்கம் பார்த்துப் போட்ட சீட்டில் உட்கார்ந்து எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தார். சீட்டா அது. ராத்திரி பலகையைப் போட்டால் கட்டில், பகலில் மடக்கினால் சீட், நடுவில் ஒரு குட்டி மேஜை, காலுக்குப் பக்கத்தில் தண்ணித் தொட்டி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் தொட்டிக்குள் தண்ணீர் களக் களக் என்கிறது, வயிற்றுக்குள்ளும் அதே சத்தம். முன் சீட் அம்சவேணிக்கு. கோயமுத்தூரில் வண்டி எடுத்த அன்றைக்கே பரிதி சொல்லிவிட்டான், அம்மா முன்னால உக்காரட்டும்ப்பா, அவங்க இதெல்லாம் பாத்ததே இல்ல, நீங்கதான் எல்லாம் பாத்தவராச்சே என்று. என்ன சாமர்த்தியமான பேச்சு. எல்லாம் பார்த்தவர் என்பதால் அவருக்கு எல்லாமே கடந்து போன பிறகுதான் தெரிகிறது. தேயிலைச் சரிவு விலகிப் போன பிறகு தெரிகிறது. வளைவு முடிந்த பிறகு வளைவு தெரிகிறது. தடுப்புச் சுவர் தெரிகிறது, அதற்குக் கீழே பள்ளம் தெரிகிறது, எதிரே என்ன வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஆனால் கீழே என்ன காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இந்த மலை இறங்கினால் ஆழியாறு, அங்கிருந்து ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகள் நடுவே அந்த இடம். முதியோர் இல்லம் என்று இப்போது யாரும் சொல்வதில்லையாம், வேறு என்னவோ பெயர் சொல்கிறார்கள். அங்கேதான் தன்னைத் தள்ளிவிட்டுப் போகப் போகிறார்கள்.

மணப்பாட்டில் காதில் விழுந்தது. கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தார்கள், சாயங்காலம், அவர் உள்ளே கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு பரிதி வெளியே நின்று பெண்டாட்டியோடு போனில் பேசினான். ஒரு ரூம்தான் காலியாம், கிழக்கு பாத்து பால்கனி இருக்காம், மலை இறங்கறப்ப கூட்டிட்டுப் போய்க் காட்டிடறேன், அப்பாவுக்கு இப்பவே சொல்ல வேணாம்னு அம்மா சொல்றாங்க. இவ்வளவுதான் கேட்டது. இவ்வளவு போதாதா. கண்ணை மூடியபடியே கிடந்தார். அப்பாவுக்கு இப்பவே சொல்ல வேணாம்னு அம்மா சொல்றாங்க. அப்படியானால் அவளுக்கும் தெரியும். தெரியும் என்ன, அவள்தான் நடத்துகிறாள். ஒரு ரூம். இரண்டு பேருக்கு என்றால் பெரிய வீடாகப் பார்ப்பார்கள், ஒரு ரூம் என்றால் ஒரு ஆளுக்கு. இன்னொரு ஆள் எங்கே போகிறாள் என்பதற்கு ஜோசியமா பார்க்க வேண்டும். ஜெர்மனியில் மருமகளுக்கு இது ஏழாம் மாசம். குளிப்பாட்ட, மருந்து அரைக்க, தூளி ஆட்ட ஒரு அம்மா வேண்டும், அப்பா எதற்கு. அவனவன் வீட்டில் நடப்பதுதானே இது, தெருவில் நாலாவது வீட்டுச் சிதம்பரநாதனை அப்படித்தானே விட்டுவிட்டு வெளிநாடு போனார்கள், அந்த மனுஷர் தினமும் சாயங்காலம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, வருகிற போகிறவர்களிடமெல்லாம் அங்கே இப்போ மணி என்ன இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குத் தணிகாசலமும் அப்படித்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ராத்திரி மூச்சு முட்டினால் யார் எழுப்புவார்கள். சர்க்கரை மாத்திரை எந்த டப்பா, பிரஷர் மாத்திரை எந்த டப்பா, அவருக்கு என்ன தெரியும், அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், அவர் வாயில் போட்டுக்கொள்வார். அந்த உள்ளங்கை ஜெர்மனிக்குப் போகிறது. போகட்டும், போய் அங்கே குளிரில் கிடக்கட்டும்.

இதோ, இந்தச் சுவர். வண்டி ஒரு வளைவை ஒடித்துத் திரும்பியதும் பாசி பிடித்த கருங்கல் சுவர் ஒன்று கண் முன்னால் பின்வாங்கிப் போயிற்று, அவர் கட்டின சுவர். ஒரு மழைக்காலத்தில் பாதி ரோடு சரிந்து பள்ளத்துக்குப் போனபோது, கொட்டுகிற மழையில் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்று கட்டினது. தண்ணீர் வடிய ஓட்டை விடாமல் கட்டிவிட்டுப் போகப் பார்த்தான் கான்ட்ராக்டர், விட்டாரா, இடித்துக் கட்ட வைத்தார். இன்றைக்கும் அசையவில்லை பார். டேய் பரிதி, இது நான் கட்டினது என்று சொல்ல வாய் வந்தது, வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று மூடிக்கொண்டார். அதோடு, முன்னால் அவர்கள் இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்சவேணி சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது, திரும்பிப் பார்க்காமலே அவருக்கு அது தெரிந்தது. என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது. இந்த ரோட்டுக்கு அவளைக் கூட்டி வந்ததே இல்லை என்று பரிதி குத்திக் காட்டுகிறான், ஆபீஸ் ஜீப்பில் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு சுற்றினால் ஊர் என்ன பேசும் என்று இவனுக்கு என்ன தெரியும். கல்யாணமான புதுசில் அவளும் கேட்டாள்தான், நானும் ஒருதரம் வரட்டுமாங்க என்று. அரசாங்க வேலைக்குப் போகிறேன், சினிமாவுக்கா போகிறேன் என்றார். அப்புறம் அவள் கேட்கவில்லை. அவளாகவே புரிந்துகொண்டாள், அப்போதெல்லாம் அவள் அப்படி. ஒருதரம் மேலதிகாரி குடும்பத்தோடு வால்பாறை பார்க்க வந்தார், அந்தம்மாவும் இரண்டு பெண்களும். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இதே சாலையில் தணிகாசலமே போய் எல்லாம் காட்டினார், வரையாடு காட்டினார், அருவி காட்டினார், பெண்கள் போட்டோ எடுக்க அணை தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார். அம்சவேணி கருக்கலில் எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் வடையும் பண்ணி, இலையில் தனித்தனியாகக் கட்டி, அடுக்கு கேரியரில் வைத்து, வாசலில் நின்று ஜீப்புக்குள் எடுத்துக் கொடுத்தாள். மேடத்துக்கு அந்தப் புளியோதரை என்னமாய்ப் பிடித்துப் போயிற்று. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னார், அம்சா, உன் புளியோதரையை மேடம் மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. எந்தப் புருஷன் வந்து சொல்வான் அதை. அவள் கேரியரைக் கழுவிக்கொண்டே, அருவியில தண்ணி நிறைய இருந்துச்சா என்று கேட்டாள். நிறைய இருந்தது என்றார். அந்த அதிகாரிதான் அவருக்குப் பிரமோஷனுக்கு எழுதினார், அந்தச் சம்பளத்தில்தான் பரிதி படித்தான், இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்தப் பயணத்தில் அவளைப் பார்க்கவே அவருக்கு என்னவோ போலிருந்தது. வண்டிக்குள்ளேயே அடுப்பு இருக்கிறது, சின்னதாக ஒரு சிங்க் இருக்கிறது, பிரிட்ஜ் இருக்கிறது, ஒரு நாள் பற்ற வைத்தாளா என்றால் இல்லை. ரொட்டியை வாங்கி ஜாமைத் தடவித் தின்கிறாள். வேணுங்கறப்ப கடையில பாத்துக்கலாங்க என்கிறாள். வாழ்நாளில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அவர் கேட்டதில்லை. தனுஷ்கோடியில் முழங்கால் வரைக்கும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் போய் நின்றாள், அவர் கரையில் நின்று புடவை நனையுது, புடவை நனையுது என்றார், அவள் கையை மட்டும் ஆட்டினாள். காது கேட்காத மாதிரி என்ன பாசாங்கு. குற்றாலத்தைத் தாண்டி மலையாளக் கரைக்குள் போய், அந்தப் பக்கத்துக் காடு வழியாக மேலே ஏறிவரும்போது ஒரு ஓடையைக் கண்டதும் நிறுத்தச் சொன்னாள். அவளே வாய்விட்டு, பரிதி, இங்க நிறுத்து என்றாள். இறங்கிப் போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். மூங்கில் ஒன்றோடு ஒன்று உரசி முனகிக்கொண்டிருந்தது, மரத்தில் எங்கோ மலை அணில் கத்தியது, அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். செய்வதற்குக் கையில் வேலை எதுவும் இல்லாமல், நறுக்காமல், மடிக்காமல், துடைக்காமல் அவள் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு அது பொறுக்கவில்லை, ஒரு காபி கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார். பரிதி எழுந்து வந்து போட்டுக் கொடுத்தான், சர்க்கரை இல்லாத தண்ணிக் காபி. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விட்டுவிட்டுப் போகப் போகிற ஆளுக்கு எதற்கு உபசாரம் என்று நினைத்திருப்பாள். ஆமாம், அதுதான், பிளேன் ஏறப் போகிறவள் இப்போதே கையை உதறிக்கொண்டு பழகுகிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். என்ன கேட்பது என்று மணப்பாட்டிலிருந்தே அவர் கட்டிக்கொண்டு வருகிறார், ஒரு ஊருக்கு ஒரு வரியாக. உன் புருஷனை என்ன தண்டச்சோறு என்றா நினைத்தாய். வேண்டாம், இது கொச்சை. நான் சம்பாதித்துப் போட்ட சோற்றில்தானே இரண்டு பேரும் வளர்ந்தீர்கள். இதுவும் வேண்டாம், அவள் சிரித்தாலும் சிரிப்பாள். நெஞ்சைத் தொட்டுச் சொல், நாற்பத்து நாலு வருஷத்தில் ஒரு நாள் உன்னைக் கை நீட்டி அடித்திருக்கிறேனா. இது சரி, இது நிற்கும். குடித்தாரா, இல்லை. வேறு பெண் பக்கம் திரும்பினாரா, இல்லை. மற்றவன் பெண்டாட்டியெல்லாம் பட்ட பாட்டை இவள் பட்டாளா. இத்தனை நல்லவனாக இருந்ததற்குக் கடைசியில் கிழக்கு பார்த்த ஒரு ரூம். காலையில் மூஞ்சியில் வெயில் அடிக்கும், எழுந்து என்ன செய்ய. அந்நியர்களோடு வரிசையில் நின்று தட்டில் வாங்கித் தின்ன வேண்டும், உப்பு குறைந்தால் யாரிடம் சொல்ல. ஐயா, பல் தேய்ச்சீங்களா என்று எவளாவது ஒருத்தி வந்து கேட்பாள்.

பிரேக் எரிகிற நாற்றம் வந்தது. செகண்டுல போடா, செகண்டுல போடா என்று மேலேயே சொன்னார், கேட்டால்தானே, ஜெர்மனி ரோட்டில் ஓட்டினவனுக்கு இந்த ரோடு ஒரு பொருட்டா. பரிதி அணை தெரிகிற வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கொஞ்சம் ஆறட்டும்ப்பா என்றான். தணிகாசலம் கதவைத் திறந்து இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது, கால் தரையில் பட்டும் தரை ஓடிக்கொண்டே இருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். கீழே அணைத் தண்ணீர் வெயிலில் கிடந்தது, அதற்கு அப்பால் தென்னை, தென்னை, கண்ணுக்கெட்டிய வரை தென்னை, அதற்குள் எங்கேயோ அந்த ரூம். குரங்கு ஒன்று சுவர்மேல் உட்கார்ந்து அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தது, கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டது. அம்சவேணியும் இறங்கிவந்து சற்றுத் தள்ளி நின்று கீழே பார்த்தாள். இங்கேதான் அந்தப் பெண்களை நிறுத்திப் போட்டோ எடுத்தது என்று அவருக்குத் தோன்றியது, எதற்கு இப்போது அது தோன்ற வேண்டும் என்றும் தோன்றியது. கட்டி வைத்திருந்த வரிகளெல்லாம் எங்கே போய்த் தொலைந்தனவோ. என்னை எங்க கொண்டுபோய்த் தள்ளப் போறீங்கன்னு எனக்குத் தெரியும் என்றார், குரல் அவர் நினைத்ததைவிட மெலிசாக வந்தது. மணப்பாட்டில் கேட்டதைச் சொன்னார். ஜெர்மனிக்குப் போறவங்க தாராளமாப் போங்க, நான் எந்த ஹோமுக்கும் வரமாட்டேன், என் வீட்டுலேயே கெடந்து சாவேன் என்றார். பரிதி பேய் அறைந்தவன் மாதிரி நின்றான். அப்பா, அது வந்து என்று ஆரம்பித்து அம்மாவைப் பார்த்தான். நான் சொல்லிக்கறேன் என்றாள் அவள்.

“அந்த ரூம் உங்களுக்கு இல்லீங்க,” என்றாள். “எனக்கு.”

அவருக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அவள் நிதானமாகத்தான் சொன்னாள், பால்காரனிடம் நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்கிற குரலில். ஜெர்மனிக்கும் அவள் போகவில்லையாம், பிள்ளைப்பேற்றுக்கு மருமகளின் அம்மா வருகிறார்களாம், அது எப்போதோ பேசி முடிந்துவிட்டதாம். வீடு அவருடையதுதான், அவர் அங்கேயே இருக்கலாம், அவரை யாரும் எங்கும் அனுப்பவில்லை. போன வருஷமே அவள் பரிதியிடம் கேட்டாளாம், இருக்கிற வருஷத்துக்கு எனக்குத் தனியா ஒரு இடம் பாத்துக் குடு என்று. அவன் முடியாது என்றானாம், அழுதானாம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றானாம், அப்புறம் ஒத்துக்கொண்டானாம். அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் இந்த ஊர்களையெல்லாம் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றாளாம், சொன்ன பிறகு பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியுமாம். நான் என்ன குறை வெச்சேன் என்று அவர் கேட்டிருக்கலாம். அடித்தேனா, குடித்தேனா என்று, கட்டி வைத்திருந்ததையே கேட்டிருக்கலாம். ஒரு லாரி முக்கி முனகிக்கொண்டு மேலே ஏறியது, அது போகிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். அவளைப் பார்த்தார். காற்றில் நரைமுடி கலைந்து முகத்தில் விழுந்திருந்தது, ஒதுக்கிக்கொள்ளாமல் நின்றாள். கோபமாக இருக்கிறாளா என்று பார்த்தார், இல்லை. கோபமாக இருந்தால் சமாதானம் பண்ணலாம், அவருக்குத் தெரியும், ஒரு முழம் பூவோ அரைக் கிலோ அல்வாவோ வாங்கிப் போய் மேஜையில் வைத்தால் தீர்ந்துவிடும். அவருடைய வாய் தன்பாட்டில் திறந்தது.

“அப்ப எனக்குச் சாப்பாடு?”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. பரிதி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்சவேணி தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த பஸ் வந்து நின்ற மாதிரி.

“முதல்ல இதைத்தான் கேப்பீங்கன்னு இவன்கிட்ட சொன்னேன்,” என்றாள். “இவன்தான் நம்பல.”

அடுத்து வேறு ஏதாவது கேட்பார் என்று கொஞ்ச நேரம் அவள் அங்கேயே நின்றாள். அவரும் தேடினார். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், மெஸ்ஸிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம், மாத்திரை டப்பாவில் காலை, ராத்திரி என்று எழுதி ஒட்டிக்கொள்ளலாம், வரிசையாக இவைதான் வந்தன. இது எதுவும் இல்லை, கேட்க வேண்டியது வேறு என்னவோ ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டால் இவள் நின்றாலும் நிற்பாள் என்று அவருக்குப் புரிந்தது. அது என்ன என்றுதான் தெரியவில்லை. சுவரின் கல்லை விரல்களால் நெருடிக்கொண்டே நின்றார். அவள் போய் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.